கூரை மேல் கேரியர்: எதற்கு எவ்வளவு எரிபொருள்?

விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் நாளில் டிக்கி நிறைந்த பிறகும் வாசலில் இரண்டு பெட்டிகள் மிஞ்சி நிற்கும். அப்போதுதான் எல்லோர் கண்ணும் காரின் கூரைக்குப் போகும். அங்கே அவ்வளவு இடம் சும்மா கிடப்பது போலத் தோன்றும். அந்த இடத்துக்கும் வாடகை உண்டு. கிலோமீட்டர் கணக்கில், பெட்ரோலாகவோ டீசலாகவோ மின்சாரமாகவோ அதைக் கட்டியாக வேண்டும்.

குறுக்குக் கம்பி, திறந்த கேரியர், மூடிய பெட்டி, துணிப் பை, சைக்கிள் தாங்கி, காரின் பின்னால் மாட்டும் தட்டு, குட்டி ட்ரெய்லர் என்று தேர்வுகள் நிறைய. விற்பவரிடம் கொள்ளளவு கேட்டால் லிட்டர் கணக்கில் சொல்வார். மைலேஜ் எவ்வளவு குறையும் என்று கேட்டால், 'அப்படியொன்றும் தெரியாது' என்பார். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அவர் சொல்வது கிட்டத்தட்ட உண்மை. நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அது பொய். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பதில் பாதி தீர்ந்துவிடும்.

எடை கொஞ்சம், காற்று மிச்சம்

சமதளத்தில் சீரான வேகத்தில் போகும் கார் இரண்டு எதிரிகளோடுதான் மல்லுக்கட்டுகிறது. ஒன்று டயர்களின் உருளல் எதிர்ப்பு. இன்னொன்று காற்று. 1,400 கிலோ எடையுள்ள நடுத்தரக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் காற்றெதிர்ப்புக் கெழு (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்லது) 0.30, முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் டயர்கள் ஏறத்தாழ 140 நியூட்டன் விசையோடு இழுத்துப் பிடிக்கும்; காற்று 76 நியூட்டன்தான். 100 கிலோமீட்டரில் டயர்களின் பங்கு அதிகம் மாறாது. காற்றின் பங்கோ 305 நியூட்டனாக எகிறிவிடும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். எரிபொருள் நிரப்பும் இடத்தில் அது பணமாகத் தெரிகிறது.

இந்தக் காரின் மேல் ஒரு பெட்டியை ஏற்றுகிறோம். அதனால் மொத்தக் காற்றெதிர்ப்பு 20 சதவீதம் கூடுகிறது என்று கொள்வோம். நடுத்தர அளவுப் பெட்டிக்கு இது மிகையான மதிப்பீடு இல்லை. அதாவது 100 கிலோமீட்டர் வேகத்தில் கூடுதலாக 60 நியூட்டன். இந்த விசையை எதிர்த்து 100 கிலோமீட்டர் தூரம் போக 6 மெகாஜூல் ஆற்றல் சக்கரத்தில் வேண்டும். எஞ்சின் 30 சதவீதத் திறனில் இயங்கினால் 20 மெகாஜூல் எரிபொருளிலிருந்து வர வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் இருக்கிறது. ஆக, நூறு கிலோமீட்டருக்குக் கூடுதல் செலவு சுமார் 0.6 லிட்டர். வேகத்தை 120 ஆக்கினால் அது 0.9 லிட்டர். 80-க்கு இறக்கினால் 0.4. ஊருக்குள் 50-இல் ஊர்ந்தால் 0.16 தான். பெட்டியும் அதே, காரும் அதே, தூரமும் அதே. செலவு மட்டும் கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசப்படுகிறது.

இப்போது எடையைப் பார்ப்போம். கூரையில் 50 கிலோ சாமான் ஏற்றினால் மைலேஜ் அடிபடும் என்று எல்லோரும் பயப்படுவது எடையைப் பார்த்துத்தான். 50 கிலோ கூடுவதால் உருளல் எதிர்ப்பு 5 நியூட்டன் கூடும். மேலே போட்ட கணக்கையே போட்டால் நூறு கிலோமீட்டருக்கு 50 மில்லிலிட்டர். அதே 50 கிலோவை டிக்கியில் வைத்திருந்தால் செலவு அந்த 50 மில்லி மட்டும். கூரைப் பெட்டியில் வைத்தால் 50 மில்லியோடு இன்னும் 600 மில்லி. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் எடைக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு, ஒவ்வொரு முறையும் அந்த எடையை நிலையிலிருந்து கிளப்ப வேண்டியிருப்பதால். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி 45 கிலோ கூடுதல் எடைக்கு சுமார் 1 சதவீதம் மைலேஜ் இழப்பு என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

அதே வழிகாட்டி பெரிய, மழுங்கிய முகமுள்ள கூரைப் பெட்டிக்குத் தரும் எண்களைப் பாருங்கள். நகரத்தில் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வரை ஓடும் விரைவுச்சாலையில் 10 முதல் 25 சதவீதம் மைலேஜ் இழப்பு. காரின் பின்னால் மாட்டும் பெட்டிக்கோ நகரத்தில் 1 முதல் 2, நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம்தான்.

இந்த எண்களில் ஒரு சிறு பொறி ஒளிந்திருக்கிறது. மைலேஜ் 25 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 25 சதவீதம் கூடும் என்று மனம் தானாக எடுத்துக்கொள்ளும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த கார் 12 கொடுக்கிறது என்றால், 480 கிலோமீட்டருக்கு முன்பு 30 லிட்டர் போதும். இப்போது 40 லிட்டர் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. விளம்பரத்திலோ பரிசோதனை அறிக்கையிலோ சதவீதத்தைப் பார்த்தால் அது மைலேஜுக்கா, செலவுக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சும்மா கிடக்கும் கம்பிகள்

நான் இதில் அதிகம் எழுத நினைத்தது பெட்டிகளைப் பற்றியல்ல. சாமான் எதுவும் இல்லாமல் ஆண்டு முழுவதும் கூரையில் கிடக்கும் குறுக்குக் கம்பிகளைப் பற்றித்தான். இரண்டே கம்பிகள், அவற்றின் இடையே காற்று தாராளமாகப் புகுந்து போகிறது, என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் தோன்றும்.

இரவில் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு மறுநாள் காலையில் ஒரு முறை கூரையைக் கவனியுங்கள். கம்பியின் முன்விளிம்பு நெடுகப் பூச்சிகள் ஒட்டிக் காய்ந்திருக்கும். அதை ஒட்டியே இருக்கும் கூரைத் தகடு ஏறக்குறையத் துடைத்துவிட்டது போல இருக்கும். கண்ணாடிக்கு மேல் ஏறிய காற்று கூரையின் வளைவைத் தழுவி வழுக்கிக்கொண்டு போகிறது. பூச்சிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. கம்பி வந்த இடத்தில்தான் அது முட்டிக்கொள்கிறது. அதுவும் சாதாரண வேகத்தில் அல்ல. கூரை வளைவின் மேல் ஏறும் காற்று, கார் ஓடும் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் பாய்கிறது. காரிலேயே காற்று மிக வேகமாக ஓடும் இடங்களில் ஒன்றைத் தேடிப் பிடித்து அங்கே கொண்டுபோய்க் கம்பியை நட்டு வைத்திருக்கிறோம்.

மெலிந்த பொருள் என்றால் காற்று மன்னித்துவிடும் என்று எண்ண வேண்டாம். வடிவம்தான் பெரிது. காரின் கெழு 0.30 என்று பார்த்தோம். காற்றுக்குக் குறுக்கே நிற்கும் நீண்ட உருளைக் கம்பிக்குப் பாடநூல்கள் தரும் மதிப்பு 1.2-ஐ ஒட்டி இருக்கும். தட்டையான முகமுள்ள சதுரக் கம்பிக்கு 2-ஐ ஒட்டி. அதே தடிமனில் முன்புறம் உருண்டு பின்புறம் ஒடுங்கும் இறக்கை வடிவக் கம்பிக்கு 0.1 அளவுதான். கூரையில் பொருத்திய பிறகு இந்த எண்கள் அப்படியே நிற்பதில்லை. ஆனால் எது மோசம், எது தேவலை என்ற வரிசை மாறாது. மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு சதுரக் கம்பிகள், கூரையின் அகலம் முழுவதும் நீண்டு கிடந்தால், சீராக வழித்துவிட்ட ஒரு பெட்டிக்கு ஈடாகக் காற்றைக் கெடுக்க முடியும். இறக்கை வடிவக் கம்பிகள் விலை கூடுதல்தான். கம்பிகளைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள் கொடுக்க வேண்டிய விலை அது.

கம்பிகள் ஊதும் ஓசையும் இதே கதையின் இன்னொரு பக்கம். உருளையின் பின்னால் காற்று மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழன்று பிரிகிறது. ஹங்கேரியில் பிறந்த வான் கார்மன் என்ற அறிவியலாளரின் பெயரை இந்தச் சுழல் வரிசைக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று சென்டிமீட்டர் கம்பியில், 100 கிலோமீட்டர் வேகத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 185 முறை இந்தச் சுழற்சி நிகழும். அது காதுக்கு நன்றாகவே கேட்கும் முனகல். சிலர் கம்பியைச் சுற்றிக் கயிற்றைத் திருகலாகக் கட்டிவிடுவார்கள்; முனகல் அடங்கிவிடும். உயரமான புகைபோக்கிகளின் உச்சியில் திருகு படிக்கட்டு போல ஓடும் தகடும் இதே வேலையைத்தான் செய்கிறது. சுழல்கள் ஒரே நேரத்தில் ஒன்றுகூடிப் பிரிய விடாமல் கலைத்துவிடுகிறது. ஆனால் ஓசை போனதால் எரிபொருள் மிச்சம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கம்பிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் காற்றுத் தடுப்புப் பலகைக்கும் இது பொருந்தும். காதுக்கு அது நிம்மதி தரும். மைலேஜுக்கு உத்தரவாதம் தராது.

ஒரு கணக்கு. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 15 கொடுக்கும் காருக்கு 1,000 லிட்டர் வேண்டும். வெறும் கம்பிகள் சராசரியாக 2 சதவீதம்தான் தின்கின்றன என்று தாராளமாகவே விட்டுக்கொடுப்போம். ஆண்டுக்கு 20 லிட்டர் போகிறது. இன்னொருவர் ஆண்டுக்கு ஒரு முறை 1,500 கிலோமீட்டர் பயணத்துக்குப் பெரிய பெட்டியை மாட்டுகிறார். 15 சதவீதம் கூடுதல் செலவு. அவருக்கு 100 லிட்டர் ஆக வேண்டிய இடத்தில் 115 லிட்டர். பெட்டிக்காரர் ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் அவர் இழந்தது 15 லிட்டர். எதையுமே ஏற்றாத கம்பிக்காரர் இழந்தது 20.

இது என் மனக்கணக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகமும் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகமும் சேர்ந்து செய்து 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அந்த நாட்டில் கூரைக் கேரியர்களால் மட்டும் 2015-இல் 10 கோடி கேலன், அதாவது சுமார் 38 கோடி லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவானது என்று அது மதிப்பிட்டது. நாட்டின் மொத்த இலகுரக வாகனச் செலவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறு. அவர்களுடைய முடிவை மிக அதிகமாக அசைத்துப் பார்த்த காரணி, எதையும் ஏற்றாமல் கேரியரோடு ஓடும் கார்களின் விகிதம்தான். கேரியரின் வடிவத்தைச் சீராக்கினால் தனிப்பட்ட கார்களுக்குப் பலன் உண்டு. காலிக் கேரியரோடு ஓட்டுவதைக் குறைக்க முடிந்தாலோ நாடளவில் அதைவிடக் கூடுதலாக மிச்சமாகும் என்கிறது ஆய்வு.

பெட்டி, திறந்த கேரியர், பை

கூரையில்தான் ஏற்றியாக வேண்டும் என்றால் மூடிய பெட்டிதான் என் தேர்வு. பெட்டிகளுக்குள் எது என்பதற்கு ஓர் எளிய வழி: ஒரே கொள்ளளவில் நீளமானதை எடுங்கள். 400 லிட்டர் பெட்டி 1.4 மீட்டர் நீளம் என்றால் காற்றுக்கு அது காட்டும் முகம் சராசரியாக 0.29 சதுர மீட்டர். 2.2 மீட்டர் நீளம் என்றால் 0.18 தான். சாமான் அதே அளவு. முகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிட்டது. நீளப் பெட்டிக்கு ஒரே தொல்லை, பின்கதவைத் திறக்கும்போது இடிக்கும். வாங்குவதற்கு முன் பின்கதவை முழுக்கத் தூக்கி, கூரையின் மேல் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று நாடா வைத்து அளந்துவிடுவது நல்லது. இடிக்கிறதே என்று முன்பக்கம் தள்ளி மாட்டினால் பெட்டியின் மூக்கு முன்கண்ணாடிக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணாடி வழியாக மேலேறும் காற்று நேராக அதன் அடிவயிற்றில் போய் முட்டும்.

பெட்டியின் மூக்கு கூர்மையாக இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடைகளில் காட்டுவதும் அதைத்தான். ஆனால் வால் சட்டென்று வெட்டுப்பட்டு முடிந்தால் பின்னால் காற்று சுழன்று வெற்றிடம் போல இழுக்கும். எதிர்ப்பில் பெரும்பங்கு அங்கே பிறக்கிறது. மூக்கு சற்று மழுங்கலாக இருந்தாலும் பாதகமில்லை, வால் படிப்படியாக ஒடுங்கட்டும்.

காலிப் பெட்டிக்கும் நிறைந்த பெட்டிக்கும் காற்று வேற்றுமை பார்ப்பதில்லை. போகும்போது நிறைய, வரும்போது காலி என்றாலும் கட்டணம் அதேதான். இதனால் 'இருக்கட்டும், எதற்கும் பெரியதாகவே வாங்கிவிடுவோம்' என்பது வீட்டு அலமாரிக்குச் சரி, கார்க் கூரைக்குச் சரிவராது.

திறந்த கேரியர் விலை குறைவு, எந்த வடிவச் சாமானையும் ஏற்றலாம். ஆனால் அதன் விளிம்புக் கம்பிகள், அடித்தட்டின் சட்டங்கள், மேலே கட்டிய மூட்டையின் மேடு பள்ளம் எல்லாம் தனித்தனியாகக் காற்றைக் கிழிக்கும். காலியாக இருந்தாலும் குறுக்குக் கம்பிகளைவிட மோசம். தார்ப்பாய் போட்டு மூடினால் மழைக்குப் பாதுகாப்பு. காற்றுக்கு அது இன்னொரு விளையாட்டுப் பொருள். மணிக்கு 80-ஐத் தாண்டியதும் இறுகக் கட்டாத ஒரு மூலை படபடக்கத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் அந்த மூலையின் பித்தளை வளையம் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அடுத்த அரை மணியில் கயிறு கூரையின் பெயின்ட்டில் அடித்துக்கொண்டே வரும். படபடக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் ஆற்றல் எஞ்சினிலிருந்துதான் போகிறது. தார்ப்பாய்க்கு மேல் வலையை இழுத்து மாட்டி, உயரமான சாமானை நடுவிலும் தாழ்ந்ததை முன்னும் பின்னுமாக அடுக்கினால் சேதம் கொஞ்சம் குறையும்.

துணிப் பை இரண்டுக்கும் நடுவில். மடித்து வைக்கலாம் என்பது அதன் ஒரே பெருமை. அந்தப் பெருமை சின்னதல்ல. பயணம் முடிந்த அன்றே அது கூரையைவிட்டு இறங்கிவிடும். பெரிய பெட்டியை இறக்க இரண்டு பேர் வேண்டும், வைக்க இடம் வேண்டும், ஆகவே அது 'அடுத்த வாரம் இறக்கலாம்' என்று மாதக்கணக்கில் கூரையிலேயே குடியிருக்கும். வடிவத்தில் தோற்றாலும், ஆண்டுக் கணக்கில் பை ஜெயித்துவிட வாய்ப்பு உண்டு.

பின்னால் மாட்டினால்

எரிபொருள் ஒன்றையே பார்த்தால் பின்பக்கப் பெட்டிக்கும் தட்டுக்கும் கூரையில் எதுவும் ஈடாகாது. காரணம், அந்த இடத்துக் காற்று ஏற்கெனவே கெட்டுப்போனது. மழைநாளில் காரின் பின்கண்ணாடி மட்டும் ஏன் இவ்வளவு சேறாகிறது என்று பாருங்கள். காரின் பின்னால் காற்று நேராக ஓடாமல் சுழன்று திரும்பி வந்து பின்முகத்திலேயே மோதுகிறது, சேற்றையும் வாரிக்கொண்டு. அந்தச் சுழலுக்குள் பெட்டியை ஒளித்து வைத்தால் புதிதாகக் கெடுக்க அதிகம் எதுவுமில்லை.

சைக்கிள்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கூரையில் நிமிர்ந்து நிற்கும் சைக்கிள் என்பது உருளைக் குழாய்கள், ஆரக்கால்கள், சங்கிலி, கைப்பிடி என்று காற்றுக்குப் பிடிக்காத எல்லா வடிவங்களின் தொகுப்பு. பார்வைக்கு வெறும் கோடுகளாகத் தெரியும் இரண்டு சைக்கிள்கள், மூடிய பெட்டியைவிடக் கூடுதலாக மைலேஜைத் தின்னக்கூடும். தவிர, உயரத் தடுப்புக் கம்பியுள்ள வாகன நிறுத்தத்துக்குள் கூரைமேல் சைக்கிள் இருப்பதை மறந்து நுழைபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முடிந்தவரை பின்னால் மாட்டுங்கள். முன்சக்கரங்களைக் கழற்றி உள்ளே படுக்க வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஆனால் பின்பக்கத் தேர்வு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இழுவைக் கொக்கி வேண்டும். பல சிறிய கார்களில் அதைப் பொருத்தத் தயாரிப்பாளரின் அனுமதியே இருக்காது. கொக்கி எவ்வளவு எடையைச் செங்குத்தாகத் தாங்கும் என்பதற்குத் தனி வரம்பு உண்டு. பின் அச்சுக்கு வெளியே தொங்கும் எடை நெம்புகோல் போல முன்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். ஸ்டியரிங் லேசாகும், இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறைந்தால் சட்டச் சிக்கல். பின்னால் வருபவர் இடித்தால் முதல் அடி உங்கள் சாமானுக்குத்தான். சரிவான வாகன நிறுத்தத்தில் ஏறி இறங்கும்போது தட்டு தரையில் உரசும் ஓசையைக் கேட்டுப் பழகிக்கொள்ளவும் வேண்டும். இத்தனையும் சொன்ன பிறகும், கொக்கி ஏற்கெனவே உள்ள காரும், நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலான தூரமும் என்றால் யோசிக்காமல் பின்பக்கம்தான்.

ட்ரெய்லரைப் பற்றி ஒரு வரி போதும். கூடுதல் சக்கரங்கள், அதன் சொந்த எடை, பல நாடுகளில் தனி வேக வரம்பு, சில இடங்களில் தனி உரிமம். வீட்டையே காலி செய்பவருக்கு அது சரி.

பெரிய கார் வாங்கிவிடலாமா?

'ஒவ்வொரு முறையும் இந்தக் கேரியர் தொல்லை எதற்கு, ஒரே அடியாகப் பெரிய எஸ்யுவி வாங்கிவிடலாம்' என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிப் பார்த்தால் நம் நடுத்தரக் காருக்கு 0.66 வருகிறது. அதன் மேல் பெட்டி ஏற்றி 20 சதவீதம் கூட்டினால் 0.79. கெழு 0.35, முகப்பு 2.7 சதுர மீட்டர் உள்ள எஸ்யுவிக்கு எதுவும் ஏற்றாமலே 0.95. அதாவது சின்னக் கார் பெட்டியோடு போகும் நாளிலும் பெரிய கார் வெறுமனே போவதைவிடக் குறைவான காற்றைத்தான் தள்ளுகிறது. பெட்டியை இறக்கிய மற்ற நாட்களில் அந்த இடைவெளி இன்னும் விரியும். பெரிய கார் வாங்க வேறு நியாயங்கள் இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு பயணத்தின் மிச்சப் பெட்டிகள் அந்த நியாயமாக முடியாது.

வேகம் என்ற மலிவான வழி

பெட்டிகளின் வடிவத்தை மணிக்கணக்கில் ஒப்பிட்டுவிட்டு, வண்டியில் ஏறியதும் 120-இல் விரட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பெட்டியால் காற்றெதிர்ப்பு 20 சதவீதம் கூடிய கார் 90-இல் போகும்போது அதன் மேல் விழும் விசை, பெட்டியே இல்லாத கார் 100-இல் போகும்போது விழும் விசையைவிடச் சற்றுக் குறைவு. பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்தால் பெட்டியின் செலவு முழுவதும் ரத்தாகிவிடுகிறது. 300 கிலோமீட்டர் பயணத்தில் இதற்கு ஆகும் நேரம் கூடுதலாக 20 நிமிடம். எதிர்க்காற்று வீசும் நாளில் இதன் மதிப்பு இன்னும் கூடும். காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்தால், 100-இல் போகும் கார் 120-க்கு உரிய எதிர்ப்பைச் சந்திக்கிறது.

வேகத்தைக் குறைக்க எரிபொருளைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது. கூரையில் ஏற்றிய எடை காரின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. வளைவுகளில் கார் கூடுதலாகச் சாயும், பக்கக் காற்றில் தள்ளாடும். பல பெட்டித் தயாரிப்பாளர்கள் மணிக்கு 130 கிலோமீட்டரை உச்ச வரம்பாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பரிந்துரை என்று படிக்க வேண்டாம். காரின் கையேட்டில் கூரைச் சுமை வரம்பு தனியே இருக்கும், பெரும்பாலும் 50 முதல் 100 கிலோவுக்குள். பலர் கவனிக்காதது, அந்த வரம்பில் கம்பிகளின் எடையும் பெட்டியின் எடையும் அடக்கம். வரம்பு 75 என்றால், கம்பிகளுக்கு 5, பெட்டிக்கு 20 போக, சாமானுக்கு 50 கிலோதான் மிச்சம். புத்தகம், தண்ணீர், கருவிகள் போன்ற கனமானவற்றை டிக்கிக்குள் அனுப்பிவிட்டு, போர்வை, தலையணை, துணி போன்றவற்றைக் கூரைக்கு ஏற்றுங்கள்.

மின்சாரக் காருக்குக் கணக்கு வேறு மாதிரி வலிக்கும். எஞ்சின் வெப்பமாக வீணடிக்கும் பங்கு அதில் இல்லாததால், செலவாகும் ஆற்றலில் காற்றின் பங்கு பளிச்சென்று தெரிகிறது. மேலே பார்த்த அதே பெட்டி நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 யூனிட் கூடுதலாக இழுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முறை சார்ஜ் செய்து 350 கிலோமீட்டர் போகிற கார் 310-க்குள் நின்றுவிடும். பணமாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். வழியில் அடுத்த சார்ஜிங் நிலையம் 320-ஆவது கிலோமீட்டரில் இருந்தால் அது பணப் பிரச்சினை இல்லை.

உங்கள் காருக்கு உண்மையில் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் டாஷ்போர்டு திரையை முழுவதும் நம்ப வேண்டாம். டேங்க்கை நிரப்பி, ஒரே பாதையில், ஒரே வேகத்தில், போகவும் வரவும் ஓட்டி, மீண்டும் நிரப்பிப் பாருங்கள். ஒரு முறை கம்பிகளோடு, ஒரு முறை இல்லாமல். போய்த் திரும்புவதால் காற்றின் திசை ஓரளவு சமனாகிவிடும். ஒரே முறை பார்த்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் இன்னொரு நாளும் பார்த்துவிடுவது நல்லது.

கழற்றுவதுதான் எல்லோரும் தள்ளிப்போடும் வேலை. கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் தண்டவாளம் பல கார்களில் உடலோடு சேர்ந்தே வரும். அது காற்றின் போக்கிலேயே ஓடுவதால் பெரிய குற்றவாளி இல்லை, அதைத் தொட வேண்டாம். கழற்ற வேண்டியது குறுக்கே கிடப்பவற்றை மட்டும். முதல் முறை சரியாகப் பொருத்தியதும், கம்பியின் பாதம் உட்காரும் இடத்தில் தண்டவாளத்தின் உட்புறம் ஒரு சிறு துண்டு டேப் ஒட்டி, 'முன்', 'பின்' என்று எழுதிவிடுங்கள். திருகும் சாவியைக் கையுறைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள், வீட்டு அலமாரியில் வேண்டாம். அடுத்த முறை அளவெடுக்காமல் மாட்டிவிடலாம். பத்து நிமிட வேலை. மாட்டி ஓட்டிய முதல் ஐம்பது கிலோமீட்டர் கழித்து ஒரு முறை நிறுத்தித் திருகுகளை இறுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.